மூன்று சர்வர்களைக் கழற்றிய அனுபவம்: கிளஸ்டர்எஃப்எஸ்ஸோடு ஆறு வருடம்

ஒயிட்ஃபீல்டு டேட்டா சென்டரில் எங்களுக்கு ஆறு சர்வர்கள் இருந்தன. இப்போது மூன்றுதான். ஆறு மூன்றான கதை இது.

எங்களுடையது சின்ன கம்பெனி. கல்யாண வீடியோவும் ஆல்பமும் எடிட் செய்து கொடுக்கிற தொழில். பெங்களூரு, ஓசூர், சேலம் ஸ்டூடியோக்காரர்கள் அனுப்புகிற ஃபைல்கள் முகூர்த்த மாதங்களில் மலைபோல் குவியும். ஒரு சர்வரில் அடங்காது. ஒரு சர்வர் படுத்தால் வேலை நிற்கவும் கூடாது. அதனால் கிளஸ்டர்எஃப்எஸ்: பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய ஃபோல்டராகக் காட்டும் மென்பொருள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2011இல் அவர்களுடைய கம்பெனியை லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் வாங்கியது. எங்கள் டீமில் பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள் என்பதால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதுண்டு. ஆனால் தேர்ந்தெடுத்த காரணம் வேறு: நாங்கள் ஷார்டிங் (ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பது) போடவில்லை, அதனால் ஒவ்வொரு ஃபைலும் முழு ஃபைலாகவே பிரிக்கில், அதாவது சர்வரில் இதற்கென ஒதுக்கிய டிஸ்க்கில், கிடக்கும். என்ன ஆனாலும் டிஸ்க்கைக் கழற்றி எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளை) போட்டால் கண்ணுக்குத் தெரியும். அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது.

அமைப்பு இது: ஆறு நோடு (சர்வர்தான்), நோடுக்கு 10 டிபி பிரிக் ஒன்று, ரெப்ளிகா 3. அதாவது மூன்று மூன்றாக இரண்டு செட். ஒரு ஃபைல் ஏதாவது ஒரு செட்டுக்குப் போகும், அங்கே மூன்று பிரதியாக இருக்கும். பழைய செட்டுக்கு வாரண்டி முடிந்தது, ரேக் வாடகையும் ஏறியது. பழசைக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

இங்கேயே ஒரு விஷயம். ஒரு நோடை மட்டும் தனியாக உருவ முடியாது. ரெப்ளிகா 3 என்றால் மூன்று பிரிக்கும் சேர்ந்துதான் வெளியே வரும். அப்புறம், மிஞ்சுகிற செட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்களுக்கு இல்லை. டெலிவரி முடிந்த பழைய கல்யாணங்களை டேப்புக்கு ஏற்றி, மொத்தத்தை 7 டிபிக்குக் கொண்டுவரவே மூன்று வாரம் பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ரிமூவ்-பிரிக் ஸ்டார்ட் கொடுத்தோம்: பழைய பிரிக்குகளில் உள்ள ஃபைல்களை மிஞ்சுகிற செட்டுக்கு நகர்த்தத் தொடங்கும் கட்டளை. நகர்த்தும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபேலன்ஸ் த்ராட்டிலை முன்பே லேசியில், அதாவது மெதுவான நிலையில், வைத்துவிட்டோம், சனிக்கிழமையும் எடிட்டர்கள் வேலை செய்வார்கள் என்பதால். ஸ்டேட்டஸ் போட்டால் முதல் பத்து நிமிடத்துக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்றே சொல்லாது. அப்புறம் சொல்லும், ஆனால் நம்பாதீர்கள்: எங்களுக்கு பதினெட்டு மணி நேரம் என்றது, சின்னச் சின்ன தம்ப்நெயில் ஃபைல்கள் வந்ததும் நாற்பது என்றது. உண்மையில் முடிந்தது திங்கட்கிழமை காலை. இந்த இரண்டரை நாளும் எடிட்டிங் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதற்கு நான் முழு மார்க் கொடுப்பேன்.

கூட இருந்த மதுரைப் பையன் திங்கட்கிழமை போன் செய்தான். "அண்ணே, கம்ப்ளீட்டட்னு வந்துருச்சு. கமிட் போட்ரட்டுமா?"

"ஃபெயிலியர்ஸ் எவ்வளவு காட்டுது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருநூத்திப் பன்னெண்டு."

கமிட் போட்டால் பழைய பிரிக்குகள் கழன்றுவிடும். ஆனால் கம்ப்ளீட்டட் என்றால் ஓட்டம் முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். எல்லாம் வந்து சேர்ந்தது என்று அர்த்தமில்லை. நகர்த்தும்போது யாராவது எழுதிக்கொண்டிருக்கிற ஃபைலை அது தொடாமல் விட்டுவிடும். ஃபோர்ஸ்-மைக்ரேஷனை ஆன் செய்தால் அதையும் நகர்த்தும், ஆனால் டேட்டா கெட வாய்ப்பிருக்கிறது. ஸ்டார்ட் கொடுக்கும்போதே எச்சரிக்கிறார்கள். நாங்கள்தான் படிக்காமல் ஒய் தட்டினோம். லாகைத் திறந்தால், முக்கால்வாசி ஒரே எடிட்டரின் ப்ராஜெக்ட் ஃபோல்டர். மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போனவர் சாஃப்ட்வேரை மூடாமல் போயிருக்கிறார். ஆட்டோசேவ் இரண்டு நாளாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. மூடிவிட்டு, ஸ்டாப் செய்து, மறுபடி ஸ்டார்ட். இந்தத் தடவை மூன்றே ஃபைல். கமிட் ஆன பிறகு பழைய பிரிக்கில் ஃபைண்ட் (ஃபைல் தேடும் கட்டளை) ஓட்டி அந்த மூன்றையும் எடுத்து, மவுண்ட் வழியாக, அதாவது எல்லோரும் பார்க்கும் அந்த ஒரே பெரிய ஃபோல்டர் வழியாக, காப்பி செய்தோம். நேராக இன்னொரு பிரிக்குக்குள் போட்டுவிடக் கூடாது. தேடும்போது சைபர் சைஸில், பர்மிஷனில் டி மட்டும் போட்டு நூற்றுக்கணக்கில் ஃபைல் தெரியும். அவை ஃபைல் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டும் வெறும் வழிகாட்டிப் பலகைகள், பயப்பட வேண்டாம்.

கமிட்டோடு வேலை முடியவில்லை. பிரிக் போனாலும் நோடு பூலில் (சர்வர்களின் உறுப்பினர் பட்டியலில்) இருக்கும். பட்டியலிலிருந்து நீக்கும் பியர் டிட்டாச் கொடுக்காமல் பவரை அணைத்தால், சர்வர் கோரம் (பாதிக்கு மேல் சர்வர்கள் உயிரோடு இருந்தால்தான் ஓடும் என்ற விதி) போட்டிருந்தவர்கள் மாட்டுவார்கள்: ஆறில் மூன்று என்பது பாதி, பாதிக்கு மேல் அல்ல. நல்லாயிருக்கிற மூன்று நோடிலும் பிரிக்குகள் தானாக நின்றுவிடும். இதை டெஸ்ட் மெஷினில் ஒருமுறை அனுபவித்திருந்ததால் தப்பித்தோம்.

தப்பாதது வேறு ஒன்று. எட்டு மாதம் கழித்து, கெர்னல் அப்டேட்டுக்காக அப்லோடு சர்வரை ரீபூட் செய்தோம். எல்லாம் பச்சை. இரண்டு நாள் கழித்து டிஸ்க் ஃபுல் என்று அலாரம். எஃப்எஸ்டேபில் (சர்வர் எழும்போது எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) மவுண்ட் வரி, கழற்றிப்போட்ட நான்காம் நோடின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. மவுண்ட் ஆகிற நேரத்தில் மட்டும்தான் அந்தப் பெயரிடம் வால்யூம் (பிரிக்குகள் சேர்ந்த மொத்த சேமிப்பு) விவரம் கேட்கும். பிறகு பிரிக்குகளோடு நேராகப் பேசும். அதனால் எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ரீபூட்டில் மவுண்ட் ஆகவில்லை, மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க நோஃபெயில் போட்டிருந்ததால் சர்வர் மட்டும் ஜம்மென்று எழுந்துவிட்டது, ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பியதெல்லாம் காலி ஃபோல்டர் வழியாக லோக்கல் டிஸ்க்கில் இறங்கியது. இரண்டு நாள் முகூர்த்தம், ஒரே டிஸ்க்கில், ஒரே பிரதி. அதை ஆர்சிங்க் போட்டு மீட்கும் வரை நான் சாப்பிடவில்லை. இப்போது எல்லா மெஷினிலும், முதல் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அடுத்ததைக் கேட்க, பேக்கப்-வால்ஃபைல்-சர்வர்ஸ் இருக்கிறது. மவுண்ட் பாயிண்டுக்கு அடியில் இருக்கும் வெறும் ஃபோல்டரில் சாட்டர் ப்ளஸ் ஐ போட்டு எழுதவே முடியாமல் செய்துவிட்டோம்.

இன்னொரு இடத்தில் செஃப் என்ற இதேபோன்ற சேமிப்பு மென்பொருளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஓஎஸ்டியை, அதாவது ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் புரோகிராமை, அவுட் செய்துவிட்டுக் காத்திருந்தால், சேஃப்-டு-டெஸ்ட்ராய் (அழித்தால் ஆபத்தில்லையா) என்று கேட்க ஒரு கட்டளையே உண்டு. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும். கிளஸ்டர்எஃப்எஸ்ஸில் அந்தக் கேள்வியை நாம்தான் ஃபைண்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் செஃப்பில் டிஸ்க்கைக் கழற்றி எல்எஸ் போட முடியாது. எனக்கு இன்னும் கிளஸ்டர்எஃப்எஸ்தான் பிடித்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்வேனா என்றால், யோசிப்பேன்: இதை வைத்து ரெட் ஹேட் விற்ற கிளஸ்டர் ஸ்டோரேஜுக்கான ஆதரவு 2024 கடைசியோடு முடிந்துவிட்டது.

பழைய மூன்றில் ஒன்றை டெஸ்டுக்கு எடுத்தோம். ஏற்கெனவே வால்யூமில் இருக்கிறது என்று அடம்பிடித்தது. பிரிக்கில் ஒட்டியிருந்த பழைய வால்யூம் அடையாளமான எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டை அழித்து, டாட் கிளஸ்டர்எஃப்எஸ் ஃபோல்டரையும் நீக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது.

எஃப்எஸ்டேப் சம்பவத்துக்குப் பிறகு பையன் எல்லா மெஷினிலும் பழைய மூன்று பெயரையும் கிரெப் போட்டுத் தேடினான். மானிட்டரிங்கில் ஆறு இடம், பேக்கப் ஸ்கிரிப்டில் இரண்டு. போன வாரம் ரிசப்ஷன் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். அதன் செட்டிங்கைத் திறந்தால் அங்கேயும் நான்காம் நோடு.