சாந்துபொட்டா, சுடானியா: சிரிப்பு யார் மேல்?

இரண்டுமே மலையாளத்தில் நன்றாக ஓடிய நகைச்சுவைப் படங்கள். லால் ஜோஸின் 'சாந்துபொட்டு'வில் (2005) திலீப், பெண்பிள்ளை மாதிரி வளர்க்கப்பட்ட கடலோரப் பையன். அவன் நடையும் கைவீச்சும்தான் நகைச்சுவை. நடிப்பில் குறை சொல்ல முடியாது, சங்கடமே அதுதான். அவனை 'ஆண்' ஆக்கிய பிறகுதான் கதை முடிகிறது. படத்தின் பெயரே பள்ளிகளில் கேலிச்சொல் ஆனது.

சக்கரியாவின் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வில் (2018) கேரளத்தின் மலப்புறத்துக்கு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்து ஆட வந்த நைஜீரியர் சாமுவேலை எல்லாரும் 'சுடானி' என்கிறார்கள். சிரிப்பு அவர் மேல் இல்லை. ஆப்பிரிக்கா என்றாலே சூடான் என்று நினைக்கிற உள்ளூர்க்காரர்கள் மேல். அடிபட்டுப் படுத்தவரை, மொழி தெரியாமலேயே வயதான இரண்டு உம்மாக்கள் (முஸ்லிம் அம்மாக்கள்) பார்த்துக்கொள்கிறார்கள். சாவித்ரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும் அந்த உம்மாக்களாக வருகிற காட்சிகளில் முஸ்லிம் வீடு ஒரு சாதாரண வீடாக இருக்கிறது, அவ்வளவுதான். இதுவே அபூர்வம்.

ஆனால் திரைக்கு வெளியே? நிறத்தால் தனக்குச் சம்பளம் குறைந்தது என்று, சுடானியாக நடித்த சாமுவேல் ராபின்சன் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு தயாரிப்பாளர்களோடு அது தீர்ந்தது.

மறுபடி பார்க்க என் தேர்வு சுடானி. சாந்துபொட்டில் வித்யாசாகரின் பாட்டுகள் மட்டும் போதும்.