கை படாத வண்டி என்று நம்பி 3,85,000 ரூபாயை இழந்தேன்: பழைய கார் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பணம் கைமாறிப் பதினேழு நாள்கள் ஆகின்றன. அது திரும்பி வராது என்பது நேற்று மாலைதான் எனக்கு உறுதியாயிற்று. மனம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். பழைய கார் ஒன்றை, யாரும் கை வைக்காத வண்டி, கம்பெனி பெயின்ட்டோடு அப்படியே இருக்கிறது என்ற பேச்சை நம்பி, 3,85,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்திருக்கிறேன். விளம்பரம் வந்த தளத்தின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஒன்று, பழைய வாகனங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக விளம்பரம் செய்யக்கூடிய ஓர் இணையதளம். மற்றது, கொங்குப் பகுதியில் நெடுஞ்சாலையோரம் இருக்கும், பழைய கார்களை விற்றுக்கொடுக்கும் ஒரு கார் கன்சல்டிங்.

வண்டி 1967-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டைத் தழுவி 1961 முதல் இங்கே தயாரித்த கார் அது. இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலொட்டி வடிவமைத்த உடல், 948 சி.சி. எஞ்சின், முகப்பு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட். என் அப்பா ஒரு மருத்துவர் வீட்டில் பல ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தார். அவர் ஓட்டியது ஹெரால்டு. வெள்ளிக்கிழமை காலைகளில் அந்த பானெட்டைத் திறந்து, முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு அவர் எஞ்சினைத் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே வண்டியை அவர் கண்முன் நிறுத்த வேண்டும் என்பதற்காக ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பணம்தான் இந்த 3,85,000 ரூபாய்.

விலை நியாயமா என்று நான் பார்க்காமல் இல்லை. இரண்டு மாதங்கள் விளம்பரங்களைத் தேடித் தேடி ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். வேலை முடிந்து பளபளப்பாக நிற்கும் ஹெரால்டுகளுக்கு ஐந்தரை லட்சம், ஆறு லட்சம் என்று கேட்டிருந்தார்கள். வேலை செய்யாத வண்டியை நாலு லட்சத்துக்குள் வாங்கினால் லாபம்தான் என்று முடிவு கட்டினேன். என் முதல் தவறு அங்கேதான் நடந்தது. நான் குறித்தவை எல்லாம் கேட்கும் விலைகள். எந்த வண்டி என்ன விலைக்குப் போயிற்று என்று ஒருவரிடம்கூட நான் விசாரிக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரே விலையில் நிற்கும் விளம்பரம் என்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் பொருள் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

கன்சல்டிங்காரர் என்னைக் கடைக்கு அழைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். வெள்ளை வேட்டி கட்டிய, எழுபது வயது இருக்கக்கூடிய ஒருவர் வரவேற்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர், வண்டி அவருடையது, முப்பது ஆண்டுகளாக ஷெட்டை விட்டு வெளியே எடுக்கவில்லை என்று அறிமுகம் செய்தார்கள். ஷெட் கதவைத் திறந்தபோது நீலப் போர்வைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் அந்த வண்டி நின்றது. கண்ணாடியில் தூசி, இருக்கையில் கோழி இறகு, டேஷ்போர்டுக்குள் மஞ்சள் படிந்த ஒரு பழைய இன்சூரன்ஸ் தாள். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அப்பாவைப் பற்றி நான் சொன்னதும் அந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்து, "அப்பாவுக்காக வாங்குறீங்க தம்பி, இந்த வண்டி போக வேண்டிய இடம் அதுதான்" என்றார்.

என் சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் இருந்தது. தகட்டின் மேல் காந்தம் ஒட்டாத இடத்தில், ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கும் பட்டி பூசியிருக்கிறது என்று படித்துவிட்டு, அதற்காகவே கொண்டுபோயிருந்தேன். அந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது அதை எடுத்து அவருடைய வண்டியில் வைத்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்து எடுக்கவில்லை. இந்தப் பதினேழு நாள்களும் என்னை உறங்கவிடாதது அந்த ஒரு நிமிடம்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவை மூடச் சற்றுத் தூக்கிவிட வேண்டியிருந்தது. கேட்டதற்கு, கீல் தேய்ந்திருக்கிறது, 500 ரூபாய் வேலை என்றார்கள். குனிந்து அடியில் பார்க்கவும் நான் முயன்றேன். ஷெட் தரை மண்ணாக இருந்தது. அதற்குள் கன்சல்டிங்காரர், வேறொருவர் நாலு லட்சத்துக்கு மேல் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், நாளைக் காலை பணத்தோடு வருகிறார் என்றார். அன்றே 50,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து மீதி 3,35,000 ரூபாயைக் கொடுத்தேன். மொத்தம் 3,85,000 ரூபாய். ஏற்றிவந்த லாரிக்கு 14,000 ரூபாய் தனி.

திருச்சியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். ஹெரால்டுக்கு இன்றைய கார்களைப் போல உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக இல்லை. தனிச் சேஸிஸ் உண்டு, அதன் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கைகள் போல இரும்புத் தாங்கிகள் நீண்டு உடலைத் தாங்குகின்றன. நீர் தேங்கித் துரு பிடிப்பது அந்தத் தாங்கிகளில்தான். அவை இற்றால் உடல் இறங்கும், உடல் இறங்கினால் கதவு இறங்கும். நான் பார்த்த கதவுக்குக் காரணம் கீல் அன்று. தாங்கிகளின் மேல் மெல்லிய தகட்டை வைத்துப் பற்றவைத்து, மேலே கருப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் அது உள்ளே போயிற்று. கதவு ரப்பரை உரித்ததும் சாம்பல் நிறத்துக்கு அடியில் வெளிர் நீலம் தெரிந்தது. கதவுக்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி. சேஸிஸ் எண் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் புத்தம் புதியவை, அதாவது அந்தத் தகட்டை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். யாரும் கை வைக்காத வண்டி அல்ல அது. விற்பதற்காகவே ஒருமுறை மேலோட்டமாக வேலை செய்து, அதன் மேல் தூசியையும் கோழி இறகையும் போட்டு வைத்திருந்த வண்டி.

அண்ணன் அன்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வாங்குவதற்கு முன் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. நன்றாக வேலை முடிந்து, ஆவணங்களும் சரியாக உள்ள இரண்டு கதவு ஹெரால்டு எங்கள் பக்கத்தில் உண்மையில் கைமாறியது, அவர் அறிந்தவரை, 4,75,000 ரூபாய்க்கு. என் வண்டியில் சேஸிஸ், டிங்கரிங் எனும் தகட்டு வேலை, பெயின்ட் மூன்றுக்கும் சேர்த்து 2,40,000, எஞ்சின் பிரித்துப் போரிங் முதல் எல்லாவற்றுக்கும் 75,000, பிரேக், சஸ்பென்ஷனுக்கு 35,000, வயரிங்குக்கு 20,000, சீட், லைனிங், ரப்பர் பீடிங்குக்கு 45,000. கூட்டினால் 4,15,000 ரூபாய். கழித்தால் மிஞ்சுவது 60,000 ரூபாய். ஆவணங்கள் சுத்தமாக இருந்திருந்தால்கூட அந்த வண்டியின் நியாயமான விலை அவ்வளவுதான். அடித்தகடும் தாங்கிகளும் உண்மையாகவே கெடாமல் இருந்திருந்தால் அந்த 2,40,000 ரூபாய் வேலை 1,00,000 ரூபாயில் முடிந்திருக்கும், இரண்டு லட்சம் கொடுத்திருக்கலாம் என்றார். நான் கொடுத்தது 3,85,000.

ஆவணங்களின் கதை இதைவிட மோசம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்குக் கடைசியாக 1990-களில் புதுப்பித்ததோடு சரி. அதைக் கேட்டபோது கன்சல்டிங்காரர், ஐம்பது வருடம் தாண்டிய வண்டி, வின்டேஜ் பதிவில் 'வி.ஏ.' எண் வாங்கிவிடலாம், கவலை வேண்டாம் என்றார். 2021-இல் வந்த அந்த விதியை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவிலேயே உள்ள, சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்குத்தான் அது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாமே தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. இருந்தாக வேண்டும். என்னிடம் கொடுத்த ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் வேறு, எஞ்சினில் பொறித்திருக்கும் எண் வேறு. வண்டியின் பதிவு எண் வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கணினியில் ஏறவே இல்லை. உரிமையாளராகப் பெயர் இருப்பவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, அதன் பிறகே எனக்கு மாற்ற முடியும். எனக்குக் கொடுத்த, விற்பவர் கையெழுத்திட வேண்டிய பெயர் மாற்றப் படிவங்களான 29-இலும் 30-இலும் இறந்தவரின் பெயரில் கையெழுத்து இருக்கிறது. காபி கொடுத்த வீட்டுப் பெரியவர் அவருக்கு எந்த உறவும் இல்லை.

முதல் நாள் கன்சல்டிங்காரர் போனை எடுத்து, பழைய வண்டி என்றால் துரு இருக்கத்தான் செய்யும் சார் என்றார். இரண்டாம் நாள், நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். மூன்றாம் நாள் வெளியூரில் இருக்கிறேன், திங்கள்கிழமை பேசலாம் என்றார். திங்கள்கிழமை என் எண்ணை முடக்கியிருந்தார். அப்பாவின் போனிலிருந்து அழைத்தபோது, தான் புரோக்கர் மட்டுமே, ஓனரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். நேரில் போனேன். தோட்டத்து வீடு பூட்டியிருந்தது. அது வாடகைக்கு விடும் வீடு என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். விளம்பரத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை என்ற ஒரே பதில் மூன்று முறையும் வந்தது, மூன்றாவது முறை புகாரை முடித்தும் வைத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். இறந்தவரின் கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். நேற்று மாலை வழக்கறிஞர் தாள்களைப் பார்த்தார். 3,35,000 ரூபாயை நான் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறேன், ரசீது இல்லை; கையில் ஆதாரம் இருப்பது 50,000 ரூபாய்க்கு மட்டும் என்றார்.

விரிவாக எழுத எண்ணியிருந்தேன், கை ஓடவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்க்க விடாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், விற்பவரின் மெக்கானிக் வேண்டாம். கதவு ரப்பரை உரித்துப் பாருங்கள். ஆர்.சி. எண் போக்குவரத்துத் துறைத் தளத்தில் வருகிறதா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் விலை பேசவே உட்காராதீர்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரொக்கம் வேண்டாம். காந்தம் கொண்டுபோனால் அதை வெளியே எடுங்கள். உண்மையான உரிமையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதை அவசரமாகப் போடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதே விளம்பரத் தளத்தில் இன்று காலை ஒரு பழைய ஃபியட்டைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக ஷெட்டில் நிற்பது, ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு வண்டி, யாரும் கை வைக்காதது என்று எழுதியிருக்கிறார்கள். போன் எண் மட்டும் வேறு. படத்தில் இருப்பது அதே மண் தரை, வண்டியின் மேல் பாதி விலக்கிய அதே நீலப் போர்வை. விலை 3,60,000 ரூபாய். யாராவது அந்த வண்டிக்குப் பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் அனுப்புவதற்கு முன் தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.