ஹார்டு டிஸ்க் ரெக்கவரி என்று போய் 18,500 ரூபாய் போச்சு: மதுரைக்காரர்கள் உஷார்

18,500 ரூபாய். கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரச் சொல்லி மூன்று தவணையாகக் கொடுத்த பணம். பதிலுக்குக் கைக்கு வந்தது ஒரு பென் டிரைவ், அதில் பெயர் மட்டும் இருக்கிற ஃபைல்கள், கூடவே டக் டக் என்று அடித்துக்கொள்கிற ஒரு ஹார்டு டிஸ்க். கொடுக்கும்போது அது இந்தச் சத்தமே போடவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி டிஸ்க் போனால் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். மதுரைக்குள்ளே, கம்ப்யூட்டர் சர்வீஸ், சிசிடிவி, பிரிண்டர் இங்க் என எல்லாம் சேர்த்துச் செய்கிற ஒரு மாடிக்கடை. படிக்கட்டு முகப்பில் "டேட்டா இல்லையேல் கட்டணம் இல்லை" என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும். கூகுள் மேப்பில் பார்த்தால் ஐந்து நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கும்.

டிஸ்க் அப்பாவுடையது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வேலையில் இருந்த காலத்தில் உசிலம்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் பாடச் சொல்லிக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தவர். 2007-இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பாமினி எழுத்துருவில், ஒரே விரலால் தட்டித் தட்டி அவ்வளவையும் ஏற்றினார். 160 ஜிபி டிஸ்க்கில் அவர் வேலை மொத்தமும் சேர்த்தால் நாலைந்து பாட்டு எம்பி3 அளவுகூட வராது. பாடிய பாட்டிகளில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. பம்ப் செட்டு வந்த பிறகு ஏற்றப்பாட்டுக்கு எந்தக் கிணற்றில் வேலை? நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பேக்கப் எடுக்கலையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எடுத்தார், சிடியில். அந்த சிடிகளின் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது.

கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் போனதும் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் என் லேப்டாப்பில் மாட்டினேன். சி டிரைவ் தெரிந்தது. டி டிரைவைத் தொட்டால் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டது. வேண்டாம் என்று கொடுத்துவிட்டு உடனே கழற்றிவிட்டேன். சத்தம் கிடையாது, சூடு கிடையாது, உள்ளே டேட்டா பதிந்திருக்கிற தட்டு சீராகச் சுற்றியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் முதல் நாள் பேசிய பேச்சு இருக்கிறதே! அப்பாவும் கூட வந்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்பா சொன்னார். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, நீங்க உக்காருங்கய்யா. எங்க அப்பத்தா நல்லா ஒப்பாரி பாடும்யா. இதக் காசுக்காகச் செய்ய மாட்டேன், என் கடமையா நெனச்சுச் செய்றேன்." நீலக் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு டிஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினார். பின்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதைக் காட்டி, "கிளீன் ரூம்யா, மதுரையில நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார். அதாவது தூசி புகாத அறையாம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசோதனைக் கட்டணம் 500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாளே வாட்ஸ்ஆப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். அப்பா வைத்த ஃபைல் பெயர்கள் வரிசையாக: கருமாத்தூர் கும்மி, ஏற்றம் 1, ஏற்றம் 2, ஒப்பாரி தாய்க்கு. அப்பா போனை வாங்கிக் கண்ணருகே வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். "எல்லாம் இருக்கு சார், அட்வான்ஸ் 8,000 போட்டீங்கன்னா எடுத்துக் குடுத்துருவேன்." போட்டேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்று பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் டெமோ பதிப்பு என்று இருக்கிறது. இந்த மாதிரி மென்பொருள்கள் காசு கட்டாமலே பெயர்ப் பட்டியலைக் காட்டும், ஃபைலை வெளியே எடுக்கத்தான் விடாது. காசு கட்டாத டெமோவை அப்பாவின் ஒரிஜினல் டிஸ்க்கிலேயே ராத்திரி பூராவும் ஓட்டி எடுத்த படத்துக்குத்தான் நான் 8,000 கொடுத்தேன்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் பேச்சே இல்லை. பிறகு போன். "சார், ஸ்கேன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹெட்டு போயிருச்சு. பழைய டிஸ்க்குல்ல. இதே மாடல் டோனர் டிஸ்க் பெங்களூர்ல இருந்து எறக்கணும், 10,000 ஆகும்." ஹெட் என்பது தட்டிலிருந்து படிக்கிற முனை, டோனர் (donor) டிஸ்க் என்பது அந்த ஹெட்டைக் கழற்றி எடுப்பதற்காக வாங்குகிற இன்னொரு டிஸ்க். பெயரெல்லாம் தெரிந்த டிஸ்க்கில் ஹெட் எப்படிப் போகும் என்று கேட்டேன். "மெஷின்தானே சார், மனுஷனுக்கே உத்தரவாதம் இல்ல" என்றார். அப்பா பக்கத்தில் நின்று, "குடுத்துரு தம்பி, பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றார். அந்த 10,000-உம் போனது. ஆக 18,500.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. பார்ட் வரவில்லை. வந்தது, ஆனால் இன்ஜினியர் லீவு. இன்ஜினியர் வந்தார், கரண்ட் இல்லை. ஓனர் மீட்டிங்கில் இருக்கிறார் (இங்க் நிரப்புகிற கடையில் என்ன மீட்டிங்கோ). மெசேஜ் போட்டால் நீல டிக் விழும், பதில் விழாது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுப்பார், என் குரல் கேட்டதும் "டிரைவிங்ல இருக்கேன் சார்".

சொல்லாமல் ஒரு நாள் நேரில் போய் நின்றேன். அந்தக் கிளீன் ரூம் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே டேபிள் ஃபேன் சுழல்கிறது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி புகைகிறது. மேசையில் பாதி குடித்த டீ கிளாஸ், பக்கத்திலேயே மூடி கழற்றிய யாருடையதோ ஒரு டிஸ்க், தட்டு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஹார்டு டிஸ்க்கில் ஹெட் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துதான் படிக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 5,400, இல்லை 7,200 சுற்று சுற்றும். ஊதுபத்திப் புகையின் ஒரு துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. அந்தத் துகள் நடுவில் மாட்டினால் தட்டின் பூச்சு சுரண்டிக்கொண்டு வரும், அந்தப் பூச்சில்தான் ஃபைல் இருக்கிறது. இதற்காகத்தான் உண்மையான லேப்களில் காற்றை வடிகட்டி விடுகிறார்கள். இங்கே சாம்பிராணி போடாததுதான் பாக்கி.

அன்று சத்தம் போட்ட பிறகுதான் பென் டிரைவைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் பெயர் சரியாக இருக்கிறது, சைஸ்கூடச் சரியாக இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. போன் போட்டேன். இங்கேதான் என்னைச் சரியான முட்டாள் என்று நினைத்துவிட்டார்: "அது ஃபான்ட் பிரச்சனை சார். ஐயா பாமினியில அடிச்சிருக்கார், உங்க சிஸ்டத்துல பாமினி இல்ல. ஃபான்ட் போடுங்க, வந்துரும்."

இருபது வருஷமாக பாமினியைப் பார்த்து வளர்ந்த வீடு இது. எழுத்துரு இல்லாமல் பாமினி ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கசமுசா என்று தெரியும். ஏதாவது ஒன்று தெரியும்! இதில் ஹெக்ஸ் வியூவர் (ஃபைலுக்குள் இருக்கிற பைட்டுகளை அப்படியே காட்டுகிற மென்பொருள்) போட்டுப் பார்த்தேன், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை சுத்தமான பூஜ்ஜியம். படிக்க முடியாத இடத்தையெல்லாம் பூஜ்ஜியத்தால் நிரப்பி, மேலே பெயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் தொனி மாறிவிட்டது. "உங்க டிஸ்க்கு செத்துத்தான் வந்துச்சு. நாங்க முடிஞ்சதச் செஞ்சோம்." டேட்டா இல்லையேல் கட்டணம் இல்லை என்று போர்டு இருக்கிறதே என்றேன். "ஃபைல் குடுத்துட்டோம்ல சார், எண்ணிப் பாருங்க" என்றார்.

கடைக்குப் போய் டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூடியின் சீல் ஸ்டிக்கர் பிளேடால் கீறப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் பசையில் ஒரு முழுக் கைரேகை. மூடியில் இருக்கிற நட்சத்திர ஸ்க்ரூக்களை எதையோ வைத்துத் திருகி மூஞ்சி சிதைத்திருக்கிறார்கள், ஒரு ஸ்க்ரூவைக் காணோம். 10,000 ரூபாய் டோனர் டிஸ்க்கையாவது கொடுங்கள், என் காசுதானே என்றேன். ரிட்டர்ன் போயிருச்சாம். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு, "ஹார்டு டிஸ்க் சர்வீஸ்" என்று ஒற்றை வரி, ஜிஎஸ்டி எண் கிடையாது.

நண்பன் சொல்லி பெங்களூரில் ரெக்கவரி மட்டுமே செய்கிற ஒரு லேபுக்கு கூரியர் அனுப்பினேன். பார்த்துச் சொல்லக் காசு வாங்கவில்லை. தட்டின் போட்டோ அனுப்பினார்கள், நடுவே வட்டமாக ஒரு கீறல். இனி ஒன்றும் எடுக்க முடியாது என்றார்கள். முதலில் எங்கள் கைக்கு வந்திருந்தால் திறக்கவே வேண்டியிருந்திருக்காது, க்ளோன் (டிஸ்க்கின் அச்சு அசல் நகல்) எடுத்து அதிலிருந்து பார்த்திருப்போம், மொத்தச் செலவும் நீங்கள் அங்கே கொடுத்ததில் பாதிகூட வந்திருக்காது என்றும் சொன்னார்கள். இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. 18,500 போனது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

சரி, சொன்னபடி டிப்ஸ். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் செய்யாதீர்கள், விண்டோஸில் டிஸ்க் பிழையைத் திருத்துகிற செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். டக் டக் சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள், இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று போடாதீர்கள். கடையில் முதல் கேள்வியே "முதல்ல க்ளோன் எடுப்பீங்களா?" என்பதாக இருக்கட்டும், திருதிருவென முழித்தால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள். கொடுக்கும் முன் சீல், சீரியல் எண் இரண்டையும் அவர்கள் கண் முன்னாலேயே போட்டோ எடுங்கள். "கேட்காமல் திறக்கக்கூடாது" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். ஃபைல் பெயரை மட்டும் காட்டினால் காசு கொடுக்காதீர்கள், ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமே கிடையாது, பலருக்கு இது தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. இத்தனை நாள் நீல டிக்கோடு நின்றவர், மேப்பில் நான் ஒற்றை நட்சத்திரம் போட்டதும் தட்டச்சு செய்கிறார்: "சார் 3,000 தரேன், ரிவ்யூவ எடுத்துருங்க." எடுக்க மாட்டேன். 18,500-உம் வர வேண்டும்.