அப்டேட் தோல்வி: எஸ்ஏபி, டைனமிக்ஸ், சேல்ஸ்ஃபோர்ஸ் – எங்கே மறுபடி ஓட்டலாம், எங்கே கூடாது?

நிறுவனங்களின் கணக்கு, இருப்பு, வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருள்கள்தான் எஸ்ஏபி, டைனமிக்ஸ், சேல்ஸ்ஃபோர்ஸ். இவற்றில் ரெக்கார்டு அப்டேட் ஆகவில்லை என்று டிக்கெட் (உதவிக் கோரிக்கை) வந்தால் உடனே போகும் பதில், "இன்னொரு தடவை சேவ் கொடுத்துப் பாருங்க". சேல்ஸ்ஃபோர்ஸில் இது பெரும்பாலும் பலிக்கும். டைனமிக்ஸில் பழைய திரையை அப்படியே வைத்துக்கொண்டு செய்தால் பலிக்காது. எஸ்ஏபியில் முறிந்த அப்டேட்டை மறுபடி ஓட்டினால் கணக்கே கெடலாம்.

எஸ்ஏபியில் சேவ் அழுத்தியதும் ஆவண எண் திரையில் வந்துவிடும். டேபிளில் எழுதும் வேலையோ பெரும்பாலும் பின்னணியில், தனி அப்டேட் பிராசஸில் நடக்கும். அது பாதியில் முறிந்தால் எண் இருக்கும், ஆவணம் இருக்காது. பயனருக்கு எக்ஸ்பிரஸ் மெயில் வரும், யார் படிக்கிறார்கள்?

பார்க்க வேண்டிய இடம் எஸ்எம்13 (SM13), அதாவது முறிந்த அப்டேட்களைக் காட்டும் எஸ்ஏபி திரை. அது உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் போட்டுக்கொண்டு திறக்கும். பயனர் கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டு, தேதியைப் பின்னால் தள்ளுங்கள். பிழை வரியைத் திறந்தால் எந்த ஃபங்ஷன் மாட்யூல் (நிரல் துண்டு) முறிந்தது என்று தெரியும். டம்ப், அதாவது நிரல் முறிந்ததன் விரிவான பதிவு, எஸ்டி22 (ST22) திரையில் இருக்கும். முறிந்தது வி2, அதாவது புள்ளிவிவர வகை என்றால், காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டலாம். வி1, அதாவது ஆவணத்தையே எழுதும் முக்கிய வகை என்றால் தொடாதீர்கள். முறிந்தபோதே அதன் லாக் (மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) விடுபட்டிருக்கும். அதற்குள் வேறொருவர் அதே பொருளின் இருப்பை மாற்றியிருக்கலாம். பயனரே புதிதாகப் பதிவதுதான் வழி.

டம்ப்பில் டூப்ளிகேட் இன்சர்ட் (ஏற்கெனவே உள்ள எண்ணில் மறுபடி எழுதும் முயற்சி) என்று இருந்தால் முதல் சந்தேகம் நம்பர் ரேஞ்ச் மீது, அதாவது ஆவண எண்களை வழங்கும் வரிசை மீது. டேபிளில் உள்ள கடைசி எண்ணைவிட ரேஞ்சின் நடப்பு எண் பின்தங்கியிருக்கும். கிளையன்ட் காப்பிக்குப் (ஒரு எஸ்ஏபி சூழலின் தரவை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) பிறகு இது சகஜம். லாக்குகளைக் காட்டும் எஸ்எம்12 (SM12) திரையில் போய் லாக்கை அழிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். அப்டேட் இன்னும் வரிசையில் காத்திருக்கும்போது அழித்தால், பாதுகாப்பில்லாத ரெக்கார்டில் இரண்டு பேர் எழுதுவார்கள். எண் இடைவெளி பற்றி ஆடிட்டர் கேட்டால், முறிந்த பதிவுகளின் பட்டியலை ஆர்எஃப்விபிஇஆர்00 (RFVBER00) ரிப்போர்ட் தரும்.

டைனமிக்ஸ் ஏஎக்ஸும் அதன் வாரிசான 365 ஃபைனான்ஸும் பொதுவாக முன்கூட்டியே பூட்டுவதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டிலும் ரெக்வெர்ஷன் (RecVersion) என்ற பதிப்பு எண் உண்டு. நீங்கள் படித்த பிறகு அது மாறியிருந்தால் அப்டேட் கான்ஃப்ளிக்ட் (மோதல்) பிழை வரும். வேறு யாருமே வேலை செய்யாத நேரத்திலும் இது வருகிறதா? ஃபார்மில் (திரையில்) உள்ள பட்டன் அழைக்கும் கிளாஸே (நிரலே) அந்த ரெக்கார்டை மாற்றியிருக்கும். ஃபார்ம் பழைய நகலைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளாஸ் முடிந்ததும் ஃபார்மின் டேட்டா சோர்ஸை ரீரீட் செய்தால் (மறுபடி படித்தால்) போதும். கோடில் ரீட்ரை (மறுமுயற்சி) எழுதும்போது, ரெக்கார்டைப் படிக்கும் செலக்ட் வரி, மறுபடி ஓடும் டிரை பிளாக்கின் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் ஐந்து முறை சுற்றினாலும் அதே பழைய நகல்தான். "ரெக்கார்டு அப்டேட்டுக்காக செலக்ட் செய்யப்படவில்லை" என்ற பிழை வேறு சாதி: மாற்றுவதற்காகப் படிக்கிறோம் என்று சொல்லும் ஃபார்அப்டேட் (forUpdate) விடுபட்டிருக்கும், அல்லது படித்ததும் எழுதுவதும் வேறு வேறு டிரான்சாக்‌ஷனில் இருக்கும். அதை ரீட்ரை தீர்க்காது.

சேல்ஸ்ஃபோர்ஸில் கதை எளிது. 'அனேபிள் டு லாக் ரோ' (Unable to lock row) என்ற பிழை வந்தால், வேறொரு வேலை பிடித்திருந்த லாக்குக்காக 10 வினாடி வரை காத்திருந்து கைவிட்டுவிட்டது என்று பொருள். மாஸ்டர்-டீடெயில் உறவில் (ஒரு பெற்றோர் ரெக்கார்டின் கீழ் குழந்தை ரெக்கார்டுகள் இருக்கும் அமைப்பு) குழந்தை ரெக்கார்டை மாற்றினாலும் பெற்றோர் பூட்டப்படும். ஒரே அக்கவுன்ட்டின் வரிகள் பல பேட்ச்களில் (ஒன்றாக ஏற்றப்படும் தொகுதிகளில்) சிதறி இணையாக ஓடினால் மோதல்தான். ஏற்றும் முன் சிஎஸ்வியைப் பெற்றோர் ஐடிப்படி வரிசைப்படுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேட்ச்களை ஒவ்வொன்றாக ஓட்டும் சீரியல் மோட், வேகம் குறையும். ஒரே பெற்றோருக்குக் கீழ் 10,000-க்கு மேல் குழந்தைகள் சேர விடாதீர்கள்.

தடயம் விஷயத்தில் மட்டும் எஸ்ஏபிதான் மேல்: முறிந்த அப்டேட் எஸ்எம்13-இல் தரவோடு காத்திருக்கும். டைனமிக்ஸில் செய்திப் பட்டையை மூடினால் போயிற்று. மூடும் முன் முழு வாசகத்தையும் நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் தரவை மொத்தமாக ஏற்றும் கருவியான டேட்டா லோடரின் எரர் கோப்பை (தோற்ற வரிகளின் பட்டியலை) மேலெழுதாமல் வையுங்கள்: மறுபடி ஏற்ற வேண்டியது அதில் உள்ள வரிகளை மட்டுமே.