தொட்டியில் ஓடிய எஞ்சினை நம்பி 18,500 ரூபாய் போனது: படகுக்காரர்கள் கவனிக்கவும்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் 18,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லை. போட்டால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள்.

கோளாறு இதுதான்: கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினாலும் எஞ்சின் முக்கால் வேகத்துக்கு மேல் ஏறவில்லை. பட்டறைக்காரர் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "கார்ப்பரேட்டரை உப்பு தின்றுவிட்டது அண்ணாச்சி. புதிதுதான் போட வேண்டும், ஒரிஜினல் இருக்கிறது" என்றார். எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம் அது. பில் கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. சேர்ந்தால் உங்களுக்குத்தானே நஷ்டம்?" என்று எனக்காகக் கவலைப்பட்டார். சாயங்காலம் எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஒரே இழுப்பில் கிளப்பிக் காட்டினார். திணறல் இல்லை, புகை இல்லை, கேட்கவே சுகமாக இருந்தது. அங்கேயே நின்று 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

தொட்டியில் எஞ்சின் நியூட்ரலில் ஓடுகிறது. கைப்பிடி வைத்த எஞ்சின்கள் பலவற்றில் நியூட்ரலில் திராட்டில் (கைப்பிடியை முறுக்கினால் திறந்து வேகத்தைக் கூட்டும் தகடு) ஓரளவுக்கு மேல் திறக்காதபடி தடுப்பே இருக்கும். சுமையும் கிடையாது. முழு வேகத்தில் வரும் கோளாறு அங்கே எப்படித் தெரியும்? இது பட்டறைக்காரருக்குத் தெரியாதா என்ன!

கடலில் அதே முக்கால் வேகம். கச்சான் காற்றை எதிர்த்துக் கரை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. போதாததற்கு, கைப்பிடியை முழுதாகக் குறைத்தாலும் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. கியர் போடும்போதெல்லாம் டமார் என்று அடித்தது. இப்போது கியர் பல் முனை மழுங்கி, போட்ட கியர் நழுவுகிறது.

போன் செய்தால் முதலில் "ஆயில் கலவை சரியில்லை" என்றார்கள். பிறகு "புதுப் பொருள் செட்டாக நாளாகும்". அடுத்து "வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்". நேரில் போனபோது கேட்டதுதான் உச்சம்: "மூடியை யார் திறந்தது? வேறு கை பட்டால் நாங்கள் பொறுப்பில்லை."

ஆம், வேறு கைதான் பட்டது. இன்னொரு மெக்கானிக் எஞ்சினை நிறுத்தியபடியே கியரை முன்னால் தள்ளி, கைப்பிடியை முழுதாக முறுக்கச் சொல்லி, கார்ப்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார். முழுதாகத் திறக்க வேண்டிய திராட்டில் தகடு சாய்ந்தே நின்றது. காரணம், அதை இழுக்கும் லிங்க் கம்பியின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து ஆடியது. கம்பி நட்டில் துரு அப்படியே இருந்தது. அதை யாரும் தொடவே இல்லை. கிண்ணத்தை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் முடிகிற வேலை. தொட்டியில் திணறாமல் காட்டுவதற்காக, கைப்பிடியைக் குறைத்த பிறகும் எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கியரை அடித்தது அதுதான்.

"ஒரிஜினல்" கார்ப்பரேட்டர்? அடிக் கிண்ணத்து ஸ்க்ரூ ஒன்றின் தலை, முன்பு என் தம்பி ஸ்க்ரூடிரைவர் நழுவிச் சிதைத்த அதே தலை, கறுப்பு ஸ்ப்ரே பெயின்டுக்கு அடியில் பல்லைக் காட்டுகிறது. என் பழைய கார்ப்பரேட்டரைக் கழுவிப் பூசி எனக்கே 18,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

விரிவாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் நான் எதைக் காட்டி அங்கே நிற்பது? கடலில் கியர் போட்டு முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே கணக்கு முடியுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். கியர் வேலைக்கு இனிப் பணம் புரட்ட வேண்டும்.