எட்டு வார ஊசியா, அன்றாடப் பொடியா?

நார்ச்சத்து, தண்ணீர், நடை எல்லாவற்றையும் பார்த்துச் சலித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாள்பட்ட மலச்சிக்கலுக்காக இரண்டு ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைகால் பொடி, பிறகு நான்கு மாதம் ப்ரூகலோப்ரைடு மாத்திரை, கடைசியாக மின் அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தி அவற்றில் மின்னோட்டம் விடும் சிகிச்சை) என்று மூன்றையும் கடந்து வந்தவன் நான். என் சாய்வு ஊசியின் பக்கம்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பொடியைக் குறை சொல்ல மாட்டேன். அது குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. மருத்துவர்கள் முதலில் கையில் எடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான். எனக்கு உப்புசம் மட்டுமே தொல்லை. மாத்திரை வேறு வழியில் வேலை செய்கிறது. குடல் சுவரில் செரோடோனின் என்ற வேதிப்பொருளை உணரும் ஏற்பிகளைத் தூண்டிக் குடலை அசைய வைக்கிறது. முதல் வாரம் தலைவலி படுத்தியது, பிறகு பழகிவிட்டது.

மின் அக்குபங்சரில் தொப்புளின் இருபுறமும், அடிவயிற்றின் பக்கவாட்டிலும், முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்துவார்கள். பிறகு ஊசிகளில் கம்பியை மாட்டி மெல்லிய மின்னோட்டம் விடுவார்கள். குத்தும்போது வலி அதிகமில்லை. மின்சாரம் பாய்ந்ததும் வயிற்றுத் தசை தானாகத் துடிக்கும். யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவது போல இருக்கும். முதல் நாள் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வோர் அமர்வும் அரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து, அடுத்த ஆறு வாரம் வாரத்துக்கு மூன்று, ஆக 28 அமர்வுகள். சீனாவில் 15 மருத்துவமனைகளில் 1,075 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான பெரிய ஆய்விலும் இதே கணக்குதான்.

அலைச்சலில் பொடியும் மாத்திரையும் எளிதாக ஜெயித்துவிடும். ஆனால் நான் முடிவெடுத்தது வேறொரு கேள்வியை வைத்து: நிறுத்தினால் என்ன ஆகும்? பொடியை விட்ட மூன்றாம் நாளே எனக்குப் பழைய கதை திரும்பியது. மாத்திரையிலும் அப்படித்தான். பயணத்தில் ஒரு வேளை மறந்தால் அடுத்த இரண்டு நாளும் அதே கவலை. 2016 ஆய்வில் ஊசி நின்ற பிறகும் 12 வாரம் கவனித்தார்கள். மருந்தின் துணையின்றி, முழுதாகக் கழிந்த நிறைவோடு வாரம் மூன்று முறையாவது போனவர்கள் சிகிச்சைக் காலத்தில் 31 சதவீதம். நிறுத்திய பின் அது குறையவில்லை. 38 சதவீதத்தை ஒட்டி நின்றது. பிறகு ஊசியையும் ப்ரூகலோப்ரைடையும் நேருக்கு நேர் நிறுத்திய ஓர் ஆய்வும் வந்தது. மாத்திரைக் குழு 32 வாரமும் விழுங்கியது. ஊசிக் குழு எட்டாம் வாரத்தோடு விடைபெற்றது. பலன் ஏறத்தாழ சமம், ஊசியின் பலன் அதற்குப் பிறகும் நீடித்தது. என்னைச் சாய்த்தது இதுதான்.

இருந்தாலும் அந்த 31ஐத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் இரண்டு பேர் அந்த அளவை எட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பெயருக்கு மேலோட்டமாகக் குத்திய போலி ஊசிக் குழுவிலும் 12 சதவீதம் பேர் எட்டினார்கள். மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் யாருக்கு எது என்பதை மறைக்க வழியே இல்லை. ஊசி குத்திக்கொண்டவருக்கு அது தெரியாதா? அந்த எதிர்பார்ப்பே பலனைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். என் கணக்கு இன்னும் சிறியது. கடைசி அமர்வு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. பொடியை இரண்டு முறைதான் தொட்டேன். ஓர் ஆண்டு கழித்தும் இப்படியே இருப்பேனா என்று கேட்டால் பதில் இல்லை. மறுபடி 28 அமர்வு என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த மின்னோட்டம் ஏற்றதல்ல. கருவுற்றவர்களுக்கு அடிவயிற்று ஊசி வேண்டாம். முக்கும்போது ஆசனவாய்த் தசை தளராமல் இறுகிக்கொள்வதே சிலருக்குச் சிக்கல். அவர்களுக்கு அந்தத் தசையைப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சிதான் பொருத்தம். ஊசியா பொடியா என்று அவர்கள் மண்டையைக் குடைய வேண்டியதில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கிய சிக்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும், எதையும் தேர்ந்தெடுக்கும் முன் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.