சுவிஸ் டிராவல் பாஸ்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

ஐரோப்பாவில் ரயில் பாஸ் என்றதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "காசு மிச்சமாகுமா?" என்பதுதான். தங்கை குடும்பம் பெர்ன் பக்கம் குடிபோன நாளிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அடிக்கடி போய் வருகிறேன். ரயில், பஸ், படகு எல்லாவற்றிலும் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ், அதன் ஃப்ளெக்ஸ் வகை, பாதி விலைக்கு டிக்கெட் வாங்க உதவும் ஹாஃப் ஃபேர் கார்டு என மூன்றையும் வெவ்வேறு பருவங்களில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். டிக்கெட் டிக்கெட்டாகக் கூட்டிப் பார்த்தால் சில பயணங்களில் லாபம், சிலவற்றில் சரிக்குச் சரி. ஆனாலும் பாஸ்தான் எனக்குப் பிடிக்கும். காலையில் எழுந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எங்கே போகலாம் என்று அப்போது முடிவெடுக்கலாம். மலைநாட்டில் இந்த வசதிக்குப் பெரிய மதிப்பு உண்டு.

பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது. சாதாரண வகையில் நாட்கள் தொடர்ச்சியாக ஓடிவிடும். ஃப்ளெக்ஸ் வகையில் ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தந்த நாளை ரயில் ஏறுவதற்கு முன்பே போனில் பதிந்துவிட வேண்டும். நாட்கள் கூடக் கூட ஒரு நாள் செலவு நன்றாகக் குறைகிறது. 15 நாள் பாஸின் விலை, 3 நாள் பாஸின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். சுவிட்சர்லாந்திலும் லீச்டென்ஸ்டைனிலும் குடியிருப்பவர்களுக்கு இது கிடையாது என்பதால், அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் நம்மோடு கிளம்பினால் அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

வானிலை விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் லூசெர்ன் ஏரியைச் சுற்றி மூட்டம் இறங்கிவிட்டால், நகரத்தில் பகலிலேயே விளக்கெரியும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு காலையில் ரிகி மலை உச்சியின் வெப்கேமைத் திறந்து பார்த்தேன். அங்கே பளீரென்று வெயில். உடனே ரயிலைப் பிடித்து ஆர்த்-கோல்டாவ் போனேன், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் மேலே. பாதித் தூரம் வரை ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம்தான். அப்புறம் மரங்களின் உச்சிகள் தெரிந்தன, திடீரென்று நீல வானம். 1,798 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் கீழே ஏரியையும் ஊரையும் காணவில்லை, அத்தனையையும் வெள்ளை மூட்டம் நிரப்பியிருந்தது. தூரத்தில் ஆல்ப்ஸ் சிகரங்கள் வரிசையாக வெயிலில் நின்றன. ரிகி ரயில் பாஸிலேயே அடக்கம், தனியாக ஒரு பிராங்க்கூடக் கொடுக்கவில்லை. ஸ்டோஸ், ஸ்டான்சர்ஹார்ன் மலைகளும் அப்படித்தான்.

கோடையில் அதே ரிகிக்குப் படகில் போக வேண்டும். லூசெர்ன் ரயில் நிலையத்தின் வாசலிலேயே படகுத்துறை. 1901-இல் கட்டிய 'ஊரி' உட்பட ஐந்து பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் இன்றைக்கும் அந்த ஏரியில் ஓடுகின்றன. எந்திரத்தை மறைத்து மூடவில்லை. தளத்தில் நின்றபடி, பளபளவென்று துடைத்து வைத்த எஃகுத் தண்டுகள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். சூடான எண்ணெய் வாசனை மேலே வரும். நான் அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் விட்ஸ்னாவ் வரும். இறங்கினால் துறைக்கு எதிரிலேயே மலை ரயில் நிற்கும். 1871-இல் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில்.

பலரும் ஆசைப்படுவது கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு சுற்றுலா ரயில்களுக்கும்தான். பாஸ் இவற்றில் செல்லும், ஆனால் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் சொல்வது, சாதாரண ரயிலில் போங்கள். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோ வரை, பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடும் அதே தண்டவாளத்தில் மணிக்கொரு சாதாரண ரயில் போகிறது. முன்பதிவு வேண்டாம், பாஸ் கடைசி நிறுத்தம் வரை செல்லும், சில பெட்டிகளில் ஜன்னலையும் திறக்கலாம். எக்ஸ்பிரஸின் பனோரமா பெட்டியில், அதாவது பெரிய ஜன்னல் வைத்த பெட்டியில், திறக்காத கண்ணாடியில் உள்ளே இருப்பவர்களின் நிழல் விழுந்து படமெல்லாம் கெடும். திறந்த ஜன்னலில் அந்தத் தொல்லை இல்லை, குளிர்காற்று முகத்தில் அடிக்கும். பல்சக்கரம் இல்லாமலே 2,253 மீட்டரில் இருக்கும் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்துக்கு ஏறி, மறுபக்கம் 429 மீட்டரில் இருக்கும் டிரானோவுக்கு இறங்குகிறது ரயில். புருசியோவில் சரிவைச் சமாளிக்க, கல் பாலத்தின் மேல் ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்து போகும். லே ப்ரேசே ஊரில் தெருவிலேயே, வீடுகளை ஒட்டி ஓடும். வழியிலுள்ள ஆல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் தொடரலாம். முன்பதிவு செய்த இருக்கையை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியாது. ஒரே ஒரு கவனம்: இந்தப் பாதையின் சின்ன நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் ரயில் நிற்கும்.

இப்படி இறங்கி ஏற முடிகிறதென்றால் அதற்குக் கால அட்டவணைதான் காரணம். 1982 முதல் நாடு முழுவதும் ரயில்கள் சீரான இடைவெளியில், ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் கிளம்புகின்றன. சூரிச், பெர்ன் போன்ற சந்திப்புகளில் ரயில்கள் முழு மணிக்குச் சற்று முன்பு வந்து சேர்ந்து, சற்றுப் பின்பு புறப்படும். கிராமத்து மஞ்சள் பஸ்ஸும் ரயில் வரும் நேரத்தை ஒட்டியே நிற்கும். நடைமேடைக் கடிகாரத்தைக் கவனியுங்கள். 1944-இல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் வடிவமைத்தது. சிவப்பு விநாடி முள்ளைப் பிறகு சேர்த்தார்கள். அந்த முள் 12-இல் வந்து ஒரு கணம் நிற்கும், நிமிட முள் குதித்ததும் மறுபடி ஓடும். எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்ட அப்படி ஒரு ஏற்பாடு.

ரயில் மாற இரண்டு மூன்று நிமிடம் மட்டும் இருந்தால், பெரிய பெட்டியோடு முயற்சி செய்யாதீர்கள். சூரிச்சில் 31 முதல் 34, 41 முதல் 44 வரையுள்ள நடைமேடைகள் நிலத்தடியில் இருக்கின்றன; மேலேயிருந்து போய்ச் சேரவே நேரமாகும். இன்டர்லாக்கனிலிருந்து லாட்டர்ப்ருன்னன், கிரிண்டல்வால்ட் போகும் ரயில் வழியில் இரண்டாகப் பிரியும். பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

பெர்னில் ஐரோப்பாப்பிளாட்ஸ் என்ற இடத்தில் பல மதங்களுக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் தந்த கட்டடம் இருக்கிறது, 2014-இல் திறந்தார்கள். அங்கே ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவக் கோயிலில் தமிழிலேயே பூசை நடக்கிறது. பாஸிலேயே டிராமில் போய் இறங்கலாம். அங்கே பழக்கமான ஒரு பெரியவர் என் பயணத் திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாதேங்கோ தம்பி. ஒரு இடத்தில இருந்து போய்ப் போய் வாங்கோ." அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். பெர்னிலோ லூசெர்னிலோ அறை எடுத்துக்கொண்டால் நாட்டின் பெரும்பகுதிக்குக் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

எல்லோருக்கும் பாஸ் பொருந்தாது. யுங்ஃப்ராவ்யோக், அதாவது 3,454 மீட்டரிலுள்ள ரயில் நிலையம், உங்கள் முக்கிய ஆசையாக இருந்து, மற்ற நாட்களில் ஒரே ஊரில் நடந்து திரிவதாக இருந்தால் ஹாஃப் ஃபேர் கார்டே போதும். அந்த நிலையத்துக்குப் பாஸில் 25 சதவீதம்தான் தள்ளுபடி, ஹாஃப் ஃபேர் கார்டில் பாதிக் கட்டணம். தினமும் வேறு வேறு திசையில் சுற்றுவதாக இருந்தால் பாஸை எடுங்கள். மோன்ட்ரோவுக்குப் பக்கத்தில் ஏரிக்குள் நிற்கும் சில்லோன் கோட்டை உட்பட 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கு அனுமதியும் அதில் அடங்கும். மழை நாளைக் கழிக்க அவை நல்ல இடம்.

முதல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. இரண்டாம் வகுப்பே சுத்தமாக, வசதியாக இருக்கிறது. பரிசோதகர் பாஸோடு பாஸ்போர்ட்டையும் கேட்கலாம், கைப்பையிலேயே வைத்திருங்கள். 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசமாகப் பயணம் செய்யலாம். அந்தக் கார்டுக்கும் பணம் இல்லை. பாஸ் வாங்கும்போதே பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.